தமிழ்ச் செய்நிரல் மொழியும் சிறுகணனித் தொகுப்பியும்: 'எழில்' மொழியை முன்வைத்து ஒரு நோக்கு

கணனியைத் தமிழில் இயக்குதல் என்பது கடந்த சில தசாப்தங்களாகத் தமிழர் வாழும் நாடுகள் பலவற்றிலும் பேசப்பட்டு வரும் ஒரு விடயமாகும். எழுத்துரு, விசைப்பலகை, குறியீட்டு முறை என்பன பற்றிய முயற்சிகளின் தொடர்ச்சியாக, தமிழ்ச் சொற்களைக் கொண்டே செய்நிரல் எழுதுவதற்கான மொழிகளும் தோன்றலாயின. அவற்றுள் ஒப்பீட்டளவில் நன்கு அறியப்பட்டது 'எழில்' ஆகும். அமெரிக்காவில் வாழும் பொறியியலாளரான முத்தையா அண்ணாமலை 2007 ஆம் ஆண்டளவில் இதனை ஆக்கத் தொடங்கி, 2009 இல் இதுபற்றி ஆய்வுக் கட்டுரையொன்றை வெளியிட்டு, 2013 இல் கட்டற்ற மென்பொருளாக யாவர்க்கும் வழங்கினார்.

இத்தகைய முயற்சிகள் எதிர்கொள்ளும் மதிப்பீடுகள் பெரும்பாலும் இரு வகைப்படும். ஒன்று, தமிழால் முடியாதது எதுவுமில்லை என்ற பெருமிதத்தின் பாற்பட்ட வாழ்த்து. மற்றையது, உலகம் முழுவதும் ஆங்கிலச் சொற்களால் செய்நிரல் எழுதும்போது இது எதற்கு என்னும் ஏளனம். வாழ்த்தும் ஏளனமும் விமர்சனமாகா. கவிதையொன்றை மதிப்பிடும்போது அதன் சொல்லாட்சி, தொடரமைப்பு, அது தோன்றிய சமூகப் புலம், அது யாரை நோக்கிப் பேசுகின்றது என்பனவற்றை நாம் வினவுகின்றோம். செய்நிரல் மொழியும் மனிதரால் மனிதருக்கு ஆக்கப்பட்ட மொழியே ஆதலின், அதனையும் அவ்வாறே வினவுதல் தகும்.

அவ்வினாவை இக்கட்டுரை கொழும்பில் நின்று எழுப்புகின்றது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தமிழ் மொழிமூலம் கற்கும் மாணவன் ஒருவன், கணனியைப் பயன்படுத்துபவனாக மட்டுமன்றி அதனை விளங்கிக்கொண்டவனாகவும் ஆவதற்குத் தமிழ்ச் செய்நிரல் மொழி எவ்வளவு தூரம் உதவும்? கட்டளைச் சொற்கள் தமிழாக இருத்தல் இதற்கு முதற்படி மட்டுமே என்பதும், அக்கட்டளைகளைப் பொறிமொழியாக மாற்றும் தொகுப்பியை அம்மாணவன் அடிமுதல் முடிவரை வாசிக்கக்கூடியதாக இருத்தலே உண்மையான அளவுகோல் என்பதும், அதற்கு ஏற்ற களம் ஒற்றைச் சுற்றுப்பலகையிலமைந்த சிறுகணனியே என்பதும் இங்கு நிறுவ முயலும் கருத்துக்களாகும்.

1. தொகுப்பி என்னும் இடையாள்

கணனியின் செயலி எண்களை மட்டுமே கட்டளைகளாக ஏற்கும். மனிதன் எழுதும் செய்நிரலை அவ்வெண்களாக மாற்றித் தரும் மென்பொருளே தொகுப்பி எனப்படுகின்றது. செய்நிரலைப் பொறிமொழியாக மாற்றாது, அதனை வாசித்துப் பொருள்கண்டு தானே நடத்திவைக்கும் மொழிமாற்றிகளும் உள. இரண்டினதும் முற்பாதி ஒன்றே. முதலில் எழுத்துக்களின் தொடரிலிருந்து சொற்கள் பிரித்தெடுக்கப்படும். பின்னர் சொற்களின் ஒழுங்கிலிருந்து வாக்கிய அமைப்பு உணரப்படும். அதன்பின் பெயர்கள் எவற்றைச் சுட்டுகின்றன என்பது தீர்மானிக்கப்படும். தொகுப்பி இதற்கு மேல் ஒருபடி சென்று பொறிக்கட்டளைகளை எழுதி வைக்கின்றது.

இவ்வொழுங்கினைக் கண்டவுடன், எழுத்து, சொல், பொருள் என்னும் தொல்காப்பியப் பகுப்பினை நினைவுகூர்ந்து, தொகுப்பியாக்கம் நம் முன்னோர் அறிந்ததே எனக் கூறும் ஆசை சிலருக்கு எழலாம். பாணினியின் சூத்திர முறைக்கும், பக்கஸ் செய்நிரல் மொழி இலக்கணத்தை எழுதக் கையாண்ட முறைக்கும் உள்ள ஒப்புமையை 1967 இல் இங்கர்மன் என்பார் சுட்டிக்காட்டினார் என்பது உண்மையே. ஆனால் ஒப்புமை வேறு, உரிமை வேறு. இயல்பான மொழியை விவரிக்கும் இலக்கணமும், பொறியொன்று ஐயமின்றிப் பின்பற்றவேண்டிய விதித்தொகுதியும் வெவ்வேறு தேவைகளிலிருந்து பிறந்தவை. பழம்பெருமை தொகுப்பியில் ஒரு வரியையேனும் எழுதித் தராது.

மனங்கொள்ள வேண்டியது வேறொன்று. தொகுப்பி ஓர் இடையாள். விளைவிப்பவனுக்கும் சந்தைக்கும் இடையே நிற்கும் தரகன் போன்று, எழுதுபவனுக்கும் பொறிக்கும் இடையே அது நிற்கின்றது. இடையாளின் கணக்கினை வாசிக்கத் தெரியாதவன் அவன் சொல்வதை நம்பியே ஆகவேண்டும். யூனிக்ஸ் இயக்க முறைமையை ஆக்கியோருள் ஒருவரான கென் தொம்சன், தூரிங் விருதினை ஏற்று ஆற்றிய உரையில் இதனைத் தெளிவுபடுத்தினார். 1984 இல் அச்சான அவ்வுரையில், மூலச் செய்நிரலில் எவ்விதச் சுவடுமின்றித் தொகுப்பிக்குள்ளேயே வஞ்சகமான கட்டளைகளை மறைத்து வைக்க முடியும் என அவர் செய்துகாட்டினார். அத்தொகுப்பியைக் கொண்டு ஆக்கப்படும் அடுத்த தொகுப்பியிலும் அவ்வஞ்சகம் தானாகவே தொடரும். அரசாங்கப் பதிவேடுகள், வங்கிக் கணக்குகள், தேர்தல் முடிவுகள் யாவும் கணனியிற் சேர்ந்துள்ள நாட்டிலே இது வெறும் தொழில்நுட்பப் பிரச்சினையன்று.

2. எழிலின் தொடரமைப்பு

எழிலின் சிறப்பாகப் பலரும் கூறுவது அதன் தமிழ்ச் சொற்களை. ஆயின், அதனினும் மேலான சிறப்பு அதன் தொடரமைப்பிலே உள்ளது. ஆங்கில வழிவந்த மொழிகளில் நிபந்தனைச் சொல் முதலில் வரும். நிபந்தனை பின்னால் வரும். அவ்வொழுங்கை அப்படியே வைத்துக்கொண்டு சொல்லை மட்டும் மாற்றுவது எளிது. எழில் அவ்வாறு செய்யவில்லை. '@(புள்ளி >= 35) ஆனால்' என நிபந்தனையை முன்னும் இடைச்சொல்லைப் பின்னும் அது வைக்கின்றது. 'மழை பெய்தால்' என்று கூறும் தமிழின் இயல்புக்கு இது இணங்கியது. மடக்குக்களும் அவ்வாறே '@( ) ஆக', '@( ) வரை' என அமைகின்றன. சொல்லை மொழிபெயர்ப்பதோடு நில்லாது தொடரைத் தமிழாக்க முனைந்தமை துணிவான செயலாகும்.

அத்துணிவு இறுதிவரை பேணப்பட்டதா எனின், இல்லை என்றே கூறவேண்டும். 'பதிப்பி', 'பின்கொடு' ஆகிய ஏவல் வினைகள் தம் செயப்படுபொருளுக்கு முன்னே நிற்கின்றன. தமிழிலோ வினை இறுதியில் நிற்பதே இயல்பு. நிபந்தனையும் மடக்கும் தமிழ் ஒழுங்கிலும், ஏவல்கள் ஆங்கில ஒழுங்கிலும் அமைந்த இக்கலப்பு, மொழியானது மேலிருந்து, அதாவது ஏற்கெனவே உள்ள ஒரு மொழியின் மாதிரியிலிருந்து, கீழ்நோக்கி வகுக்கப்பட்டதைக் காட்டுகின்றது.

சொல்லாட்சியிலும் சில குறைபாடுகள் உள. 'இல்லைஆனால்' என்னும் கட்டளைச் சொல்லைத் தமிழாசிரியர் எவரும் 'இல்லையானால்' என்றே திருத்துவர். உடம்படுமெய்யை விட்டுவிட்டுக் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்க இயலாது. 'பதிப்பி' என்பது நூலைப் பதிப்பித்தலையே பெரிதும் சுட்டும். அச்சிடல் வேறு, பதிப்பித்தல் வேறு என்பதை ஆறுமுக நாவலரையும் சி. வை. தாமோதரம்பிள்ளையையும் தந்த நாட்டினர் அறிவர். திரையில் விடையைக் காட்டுவதற்குக் 'காட்டு' என்னும் எளிய சொல்லே போதும்.

இவற்றிலும் பாரதூரமானது 'வரை' என்னும் சொல்லின் நிலை. எழிலில் '@(எண் < 5) வரை' என்பது எண் ஐந்திலும் குறைவாக இருக்கும் காலமெல்லாம் திரும்பச் செய்க எனப் பொருள்படும். ஆனால் தமிழில் 'இருக்கும் வரை' என்பது ஒரு பொருள். 'ஆகும் வரை' என்பது அதற்கு நேர்மாறான பொருள். முன்னையது நிபந்தனை உண்மையாய் உள்ளமட்டும் தொடர்வது. பின்னையது நிபந்தனை உண்மையாகும் கணத்தில் நிற்பது. பஸ்கால் முதலிய மொழிகள் இவ்விரண்டிற்கும் வெவ்வேறு சொற்களை வைத்துள்ளன. வினையைக் களைந்துவிட்டு 'வரை' என்பதை மட்டும் நிறுத்தும்போது, தமிழை நன்கறிந்த மாணவனே தவறாக விளங்கிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். 'உள்ளவரை', 'ஆகும்வரை' என இரு சொற்களாகப் பிரித்திருப்பின் இவ்விடர் எழாது.

எவருடைய தமிழ் என்னும் வினாவும் இங்கு எழுகின்றது. அறுபதுகளின் முற்பகுதியில் ஈழத்து இலக்கிய உலகில் நிகழ்ந்த மரபுப் போராட்டம், மக்கள் வழங்கும் சொல்லுக்கு எழுத்தில் இடமுண்டா என்பதையே மையமாகக் கொண்டிருந்தது. தமிழகத்தில் 'கணினி', 'நிரல்' எனவும் இலங்கையில் 'கணனி', 'செய்நிரல்' எனவும் வழங்கும் நிலையில், கட்டளைச் சொற்களின் பட்டியல் ஓரிடத்தில் மட்டும் முடிவாவது முறையன்று. நல்வாய்ப்பாக, தொகுப்பியின் அமைப்பில் இது சிறு விடயமே. கட்டளைச் சொற்கள் யாவும் ஓர் அட்டவணையில் இருப்பின், பிரதேசத்துக்கு ஏற்ப அவ்வட்டவணையை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அவ்வாறு மாற்றுவதற்கு அட்டவணை எங்கே உள்ளது, தொகுப்பி அதனை எவ்வாறு கையாள்கின்றது என்பன மாற்றுபவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

3. எழில் நிற்கும் நிலம்

எழில் ஒரு தொகுப்பியன்று; பைதன் மொழியில் எழுதப்பட்ட மொழிமாற்றியே. பைதனின் பரவலான வடிவம் சி மொழியில் எழுதப்பட்டது. சி மொழியைப் பொறிமொழியாக்கும் பெருந்தொகுப்பிகளுள் ஒன்றான ஜி.சி.சி. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வரிகளைக் கொண்டது. ஆகவே, எழிலில் ஒரு வரியை எழுதும் மாணவனின் கீழே மூன்று தளங்கள் உள்ளன. அவற்றுள் முதலாவதனை முயன்றால் வாசிக்கலாம். இரண்டாவது கடினம். மூன்றாவதனைத் தனியொருவர் முழுமையாக வாசித்தல் நடைமுறையில் ஆகாதது.

இது எழிலை ஆக்கியவரின் குற்றமன்று. தனியொருவர் தம் ஓய்வு நேர உழைப்பாற் செய்யத்தக்க வழி அதுவே. மேலும், எழிலின் நோக்கம் தொடக்கநிலை மாணவர்க்குச் செய்நிரலாக்கத்தின் அடிப்படைகளைத் தாய்மொழியில் உணர்த்துவது. அந்நோக்கில் அது தன் பணியைச் செய்துள்ளது. குறை எங்குள்ளதெனின், அதனை முடிவான சாதனையாகக் கொண்டாடிய மனப்பான்மையிலே உள்ளது. உருவம், உள்ளடக்கம் என்று நாம் இலக்கியத்திற் பேசுவதுண்டு. தமிழ்க் கட்டளைச் சொற்கள் உருவத்தின் பாற்பட்டவை. அவை எவ்வாறு பொறியின் செயலாகின்றன என்னும் அறிவே உள்ளடக்கம். உருவம் தமிழாகி உள்ளடக்கம் எட்டாத உயரத்தில் இருப்பின், மாணவன் முன்பு ஆங்கிலத்தில் நம்பியதை இப்போது தமிழில் நம்புகின்றான் என்பதற்கு மேல் மாற்றம் எதுவும் நிகழ்ந்ததாகாது.

4. சிறுபொறிகள் கற்பித்த பாடம்

தொகுப்பி என்பது பெருநிறுவனங்களாலேயே ஆகக்கூடியது என்னும் எண்ணத்திற்கு வரலாற்றில் ஒரு காரணம் உண்டு. ஐ.பி.எம். 704 கணனிக்கென ஜோன் பக்கஸ் தலைமையிலான குழுவினர் 1957 இல் வெளியிட்ட போர்ட்ரான் தொகுப்பிக்கு ஏறத்தாழ 18 மனித ஆண்டுகளின் உழைப்புத் தேவைப்பட்டது. ஆயினும் அதன்பின் இருபது ஆண்டுகளுக்குள் நிலைமை தலைகீழாயிற்று.

1976 இல் எம்.ஓ.எஸ். நிறுவனம் விற்ற கிம்-1 என்பது திரையோ பெட்டியோ இல்லாத ஒற்றைச் சுற்றுப்பலகைக் கணனி. அதன் நினைவகம் ஒரு கிலோபைற்றுக்குச் சற்றே மேற்பட்டது. இத்தகைய சிறுபொறிகளுக்கான மொழியை யார் தருவது என்பதில் அவ்வாண்டையொட்டி இரு வழிகள் தோன்றின. ஒன்று, பில் கேட்ஸ் தமது பேசிக் மொழியைப் பணங்கொடாது படியெடுப்போரைக் கண்டித்துத் திறந்த மடல் எழுதிய வழி. மற்றையது, கலிபோர்னியாவின் மக்கள் கணனிக் கம்பனி என்னும் குழுவினர் 'சிறு பேசிக்' என்னும் மொழியின் விளக்கத்தை இதழில் அச்சிட, வாசகர்கள் அதனைத் தத்தம் பொறிகளுக்கு ஆக்கி, தம் செய்நிரல்களை அதே இதழ்க்குழுவுக்கு அனுப்பிய வழி. சிறு பேசிக் சில கிலோபைற்றுக்களுள் அடங்கியது; அச்சிட்ட தாளில் முழுமையாக வாசிக்கத்தக்கதாயும் இருந்தது. பிற்காலத்துக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் கூறுகள் சில இங்கேயே வெளிப்பட்டமை குறிப்பிடற்பாலது.

சூரிச்சிலே நிக்கலஸ் விர்த் இதே நோக்கினைக் கல்வித்துறையிற் பேணினார். 1970 இல் அவர் வெளியிட்ட பஸ்கால் மொழியைப் பிற கணனிகளுக்குக் கொண்டுசெல்லும் பொருட்டு அவரது குழுவினர் ஓர் உத்தியைக் கையாண்டனர். தொகுப்பி எந்தப் பொறிக்கும் உரியதல்லாத, கற்பனையான ஓர் 'அடுக்குப் பொறி'க்குக் கட்டளைகளை எழுதும். புதிய கணனிக்குச் செல்வோர் அக்கற்பனைப் பொறியை மட்டும் அங்கு ஆக்கிக்கொண்டாற் போதும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தினர் எழுபதுகளின் பிற்பகுதியில் இவ்வழியே பஸ்காலைச் சிறுகணனிகளுக்குக் கொணர்ந்தனர். 1976 இல் வெளியான தம் நூலில் விர்த், பி.எல்./0 என்னும் மிகச்சிறிய மொழிக்கான முழுத் தொகுப்பியையும் சில பக்கங்களில் அச்சிட்டார். 1983 இல் வெளிவந்த டேர்போ பஸ்கால், தொகுப்பியும் எழுதும் கருவியும் சேர்ந்து 40 கிலோபைற்றுக்கும் குறைவான இடத்தையே பிடித்தது. 2013 இல், எண்பது வயதை எட்டும் வேளையில், விர்த் தமது ஒபெரோன் முறைமையைத் தாமே வகுத்த செயலியுடன் ஒரு மெகாபைற்று நினைவகமுள்ள சிறு பலகையொன்றில் மீளவும் நிறுவினார். அங்கு தொகுப்பி தன்னைத்தானே சில நொடிகளில் தொகுத்தது. செயலியின் அமைப்பிலிருந்து மொழியின் இலக்கணம் வரை யாவும் ஒரே நூலில் விளக்கப்பட்டன. 2024 சனவரி முதலாந் திகதி காலமான அவ்வறிஞர் நமக்கு விட்டுச்சென்ற செய்தி, சிறியதே முழுமையாக விளங்கத்தக்கது என்பதாகும்.

இன்றைய சிறுபலகைகளோடு இதனை ஒப்பிடுக. 2021 சனவரியில் நான்கு டொலர் விலையில் வெளியான ராஸ்பெரி பை பிக்கோ 264 கிலோபைற்று நினைவகமும் இரண்டு மெகாபைற்று நிலைச் சேமிப்பும் கொண்டது. கிம்-1 இன் நினைவகத்தைப் போன்று இருநூறு மடங்குக்கு மேல். டேர்போ பஸ்கால் இதனுள் பலமுறை அடங்கும். ஆகவே தமிழ்த் தொகுப்பியொன்று சிறுபலகையில் அமையாமைக்குப் பொறியின் வறுமை காரணமாகாது.

5. தமிழுக்கான சிறுதொகுப்பி

சிறுபலகையில் தொகுப்பி ஆக்குவோர் எதிர்கொள்ளும் தமிழ்ப் பிரச்சினைகள் மூன்று. முதலாவது, எழுத்து. 'பதிப்பி' என்பது நமக்கு நான்கு எழுத்து. யூனிகோட் முறையில் அது ஏழு குறியீடுகள். பரவலான சேமிப்பு வடிவில் ஒவ்வொன்றும் மூன்று பைற்றாக மொத்தம் 21 பைற்று. நேரான ஆங்கிலச் சொல் ஐந்து பைற்று மட்டுமே. எனினும் இச்சுமை மூலச் செய்நிரலோடு நின்றுவிடும். சொற்பிரிப்புக் கட்டத்திலேயே கட்டளைச் சொல் ஒவ்வொன்றும் ஓர் இலக்கமாக மாறிவிடுவதால், அதன்பின் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் வேறுபாடில்லை. திரையில் எழுத்தைக் காட்டும் வடிவங்களும் பெருஞ்சுமையல்ல. தமிழுக்கு வேண்டிய ஏறத்தாழ 150 வடிவங்களை 32க்கு 16 புள்ளிகளாக வரைந்து வைப்பின் 10 கிலோபைற்றுக்குள் அடங்கும்.

இங்குள்ள உண்மையான பொறி வேறு. 'தொகை' என்னும் சொல்லில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. தொகுப்பிக்கோ அவை வெவ்வேறு பெயர்கள். முதல் வரியில் ஒரு விசைப்பலகையாலும் பத்தாம் வரியில் இன்னொன்றாலும் எழுதப்பட்ட 'தொகை' அறியப்படாத பெயர் எனத் தள்ளப்படின், மாணவன் தன் கண்ணையே ஐயுறுவான். பைதன் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்பதோடு இவ்வேறுபாட்டையும் சமன்செய்கின்றது. சிறுதொகுப்பியை ஆக்குவோர் அச்சமன்பாட்டைத் தாமே எழுதவேண்டும். அது சில வரிகளிற் செய்யத்தக்கதே.

இரண்டாவது, தொடர். இங்கு தமிழின் இயல்பு தொகுப்பிக்கு இடையூறாகவன்றித் துணையாகவே அமைகின்றது. அடுக்குப் பொறி எவ்வாறு இயங்குகின்றது? முதலில் மூன்றை அடுக்கில் வை. அதன்மேல் நான்கை வை. பின் மேலுள்ள இரண்டையும் கூட்டு. இதனைத் தமிழில் 'மூன்றையும் நான்கையும் கூட்டு' என்கின்றோம். பொருள்கள் முன்னும் வினை பின்னுமாகிய தமிழ் வாக்கிய ஒழுங்கே அடுக்குப் பொறியின் ஒழுங்கு. '@(புள்ளி >= 35) ஆனால்' என்னும் வரியைத் தொகுப்பி இடமிருந்து வலமாக ஒரே தடவையில் வாசித்துச் செல்லலாம். புள்ளியை அடுக்கில் வைக்கும் கட்டளை, 35 ஐ வைக்கும் கட்டளை, ஒப்பிடும் கட்டளை என்பன வந்த ஒழுங்கிலேயே எழுதப்படும். 'ஆனால்' என்பதைக் கண்டதும், பொய்யாயின் தாண்டிச் செல்க என்னும் கட்டளை எழுதப்பட்டு, எங்கே தாண்டுவது என்னும் இடம் வெறுமையாக விடப்படும். 'முடி' வந்ததும் அவ்வெற்றிடம் நிரப்பப்படும். வந்தது 'வரை' ஆயின் நிபந்தனையின் தொடக்கத்திற்குத் திரும்பவேண்டும். அதற்காக '@' குறியைக் காணும்போதெல்லாம் அவ்விடத்தின் முகவரியைக் குறித்து வைத்தாற் போதும்.

ஆங்கில வழிமொழிகளின் தொகுப்பி முன்வந்த சொல்லை நினைவில் வைத்துக்கொண்டு பொருளுக்காகக் காத்திருக்கின்றது. தமிழ் ஒழுங்கிலோ அக்காத்திருப்புக் குறைவு. சார்ள்ஸ் மூர் ஆக்கிய போர்த் மொழி இவ்வினையிறுதி ஒழுங்கைக் கொண்டமையாலேயே மிகச்சிறிய பொறிகளில் நிலைபெற்றது. ஜப்பானியரும் 1985 இல் தம் மொழியின் வினையிறுதித் தன்மையைப் பயன்கொண்டு 'மைண்ட்' என்னும் செய்நிரல் மொழியை ஆக்கினர். ஆனால் போர்த்தில் கணிதக் கோவைகளும் தலைகீழாகவே எழுதப்பட வேண்டும். பள்ளிக் கணிதம் பயின்ற மாணவனுக்கு அது அந்நியமானது. எனவே கோவைகள் பள்ளிக் கணித ஒழுங்கிலும், ஏவல்களும் நிபந்தனைகளும் தமிழ் ஒழுங்கிலும், உள்ளே அடுக்குப் பொறியும் என அமைவதே பொருத்தமாகும்.

மூன்றாவதாகவும் முதன்மையாகவும் கருதத்தக்கது சிங்களத்தோடு உள்ள உறவு. சிங்களமும் வினையை இறுதியில் வைக்கும் மொழி. நிபந்தனையைக் குறிக்கும் 'நம்' என்னும் அதன் சொல்லும் நிபந்தனையின் பின்னரே வரும். ஆகையால், தமிழ் ஒழுங்கிலமைந்த தொகுப்பி சொல் அட்டவணை ஒன்றை மாற்றிய அளவிலேயே பெரும்பாலும் சிங்கள ஒழுங்கிலமைந்ததாகிவிடும். 1956 முதல் மொழி இந்நாட்டைப் பிரிக்கும் கருவியாகக் கையாளப்பட்டது. அம்மொழிகளின் வாக்கிய எலும்புக்கூடு ஒன்றே என்பதை இரு மொழி மாணவரும் ஒரே தொகுப்பியை ஆக்கும் வேளையிற் கண்கூடாகக் காண்பர். தனித்தமிழ்ப் பெருமிதத்தால் இம்முயற்சியை முன்னெடுப்போர் இவ்வாய்ப்பினைக் காணத் தவறுவர்.

6. கொழும்பும் வர்க்கமும்

கணனிக் கல்விக்கான நிறுவன அடித்தளம் இந்நாட்டில் இல்லையெனக் கூறவியலாது. 1983 இல் தேசிய கணனிக் கொள்கை அறிக்கை வெளிவந்தது. 1987 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க தலைமையில் கணனித் தொழில்நுட்ப நிறுவனம் தோன்றியது. மொரட்டுவையில் கணனிப் பொறியியல் கற்பிக்கப்பட்டது. அண்மைய ஆண்டுகளில் க.பொ.த. சாதாரண தரத்தில் பஸ்காலும் உயர்தரத்தில் பைதனும் தமிழ் மொழிமூலமும் கற்பிக்கப்பட்டு வந்துள்ளன. அரசகரும மொழித் திணைக்களத்தின் கலைச்சொற்றொகுதிகள் தொடக்கிய மரபின் பயனாக, மாறி, நினைவகம், செய்நிரல் என்னும் சொற்கள் நம் மாணவர்க்கு இயல்பாகிவிட்டன.

ஆனால் அறிவு எங்கே நின்றுவிடுகின்றது என்பதை நோக்குதல் வேண்டும். வெள்ளவத்தையில் காலி வீதியை அண்டிய ஒழுங்கைகளிற் பெருகியுள்ள தனியார் வகுப்புக்களில், பரீட்சைக்கு வேண்டிய செய்நிரல்கள் பயிற்றப்படுகின்றன. வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளை ஆங்கில மொழிமூலம் கற்று, பின்னர் வெளிநாட்டுப் பட்டநெறி ஒன்றில் தொகுப்பியாக்கத்தைச் சந்திக்கலாம். துறைமுகத்தையும் சில்லறை வணிகத்தையும் நம்பி வாழும் கொட்டாஞ்சேனைக் குடும்பத்துப் பிள்ளைக்கு அவ்வழி அரிது. அப்பிள்ளைக்குத் தமிழில் கிடைப்பது பொறியைப் பயன்படுத்தும் அறிவு. பொறியை ஆக்கும் அறிவு வேறொரு மொழியிலும் வேறொரு வர்க்கத்திடமும் தங்கிவிடுகின்றது. விலையுயர்ந்த கணனிகளால் இவ்விடைவெளி தோன்றியது என முன்பு கூறலாம். சிறுபலகையின் விலை அக்காரணத்தைப் பெரிதும் அகற்றிவிட்டது.

ஆங்கிலமின்றித் தொழில் இல்லை என்னும் எதிர்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. தொழிற்றுறையில் ஆங்கிலச் சொற்களைக் கொண்ட மொழிகளே வழங்குகின்றன. அவற்றை மாணவன் கற்றே ஆகவேண்டும். ஆயின், தொகுப்பி ஒன்றனைத் தாய்மொழியில் அடிவரை விளங்கிக்கொண்டவனுக்கு இன்னொரு மொழியின் கட்டளைச் சொற்களைக் கற்பது சில வாரங்களின் வேலை. சொற்களை மட்டும் ஆங்கிலத்திற் பழகி உள்ளமைப்பை அறியாதவனோ, மொழி மாறும் தோறும் புதிதாகத் தொடங்குகின்றான்.

இதற்கு ஈழத்திலேயே முன்னுதாரணம் உண்டு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலே மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். அவர் நோய்களின் பெயர்ப்பட்டியலைத் தமிழாக்குவதோடு நிற்கவில்லை. உடற்கூறு முதல் சத்திரசிகிச்சை வரை நூல்களைத் தமிழில் வெளியிட்டார். அவருடைய மாணவர்கள் தமிழிற் கற்று வைத்தியர்களாயினர். 'கெமிஸ்தம்' என இரசாயன நூலுக்குப் பெயரிட அவர் தயங்கவில்லை. சொல் அந்நியமாயினும் அறிவு தமிழில் முழுமையாக இருந்தது. இன்றைய தமிழ்க் கணனி முயற்சிகள் பலவற்றில் சொல் தூய்மையாயும் அறிவு அரைகுறையாயும் இருத்தலை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம்.

முற்போக்கு முகாமின் அனுபவத்தையும் விமர்சனமின்றி ஏற்றல் ஆகாது. செய்நிரலாக்கத்தை இரண்டாவது எழுத்தறிவு என 1981 இல் அறிவித்த சோவியத் அறிஞர் அந்திரேய் எர்ஷோவ், 1985 இல் சோவியத் பாடசாலைகள் யாவற்றிலும் ருஷ்யச் சொற்களாலான மொழியொன்றைக் கொண்டு கணனிப் பாடத்தை அறிமுகப்படுத்தினார். நோக்கம் உயர்ந்தது. ஆனால் பல பாடசாலைகளிற் பொறி இல்லாமையால் மாணவர் தாளிலேயே செய்நிரல் எழுதினர். தாய்மொழிச் சொற்கள் இருந்தன. அவற்றை இயக்கிப் பார்க்கும் களம் இல்லை. நமக்கு இன்று பொறி மலிவு. எழுதப்பட வேண்டியது நூலே.

எனவே செய்யத்தக்கவை தெளிவானவை. எழிலின் தொடரமைப்பைத் தளமாகக் கொண்டு, வினைகளையும் இறுதிக்குக் கொண்டுசென்று, 'வரை'யின் இருபொருளை நீக்கிய ஒரு சிறுமொழியின் இலக்கணம் வகுக்கப்படல் வேண்டும். அதற்கான தொகுப்பி இரண்டாயிரம் வரிகளுக்கு மேற்படாமல், அடுக்குப் பொறியொன்றை இலக்காகக் கொண்டு, சிறுபலகையிலேயே இயங்குமாறு எழுதப்படல் வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் தமிழிலும் சிங்களத்திலும் உரை எழுதப்படல் வேண்டும்; மூலநூலோடு உரையும் சேர்ந்தே கற்கப்படுதல் நம் கல்வி மரபுக்குப் புதிதன்று. இறுதிப் படியாக, அம்மொழியிலேயே அத்தொகுப்பி மீள எழுதப்பட்டுத் தன்னைத் தானே தொகுக்குமாயின், எழில் இன்று நிற்கும் மூன்று தளங்களின் மீதான சார்பு நீங்கும்.

இவ்வேலை பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களினதும் கணனித் துறைகளினதும் கூட்டுமுயற்சியாக, இரண்டு மூன்று கல்வியாண்டுகளில் முடிக்கத்தக்கது. 1942 முதல் இயங்கிவரும் கொழும்புத் தமிழ்ச் சங்கம் போன்ற பொது அமைப்புக்கள் வெள்ளவத்தையிலும், கொட்டாஞ்சேனையின் சனசமூக அமைப்புக்கள் தம் பகுதியிலும், வகுப்புக்களுக்கு இடமளிக்கலாம். பத்துச் சிறுபலகைகளின் விலை பெருஞ்செலவாகாது. தமிழ்ச் செய்நிரல் மொழிபற்றி இனி எழுதப்படும் மதிப்பீடுகள், அதில் எத்தனை தமிழ்ச் சொற்கள் உள்ளன என்பதை விடுத்து, அதன் தொகுப்பியை எத்தனை மாணவர் வாசித்துத் திருத்தியுள்ளனர் என்பதைக் கொண்டே அமைதல் வேண்டும்.